சாவி இல்லை, பேட்டரி இல்லை, ஆனாலும் நடக்கிறது

குன்னூரில் அண்ணன் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் ஒரு மரக் கரடி நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற உயரம். உருண்டை வயிறு, சின்னத் தலை, இரண்டு குட்டைக் கால்கள். பகலில் அது அண்ணன் மகளின் சொத்து. அவள் தூங்கியதும் அண்ணி அதைத் துடைத்து அலமாரியில் வைத்துவிடுவார். மற்ற பொம்மைகள் எல்லாம் கூடைக்குப் போகும். இது மட்டும் போகாது.

முதல் நாள் அவள் அதைத் தலைகீழாகப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுக்குச் சாவி எங்க இருக்கு?" என்று கேட்டாள். சாவி இல்லை. சுருள்வில்லோ மோட்டாரோ பேட்டரியோ எதுவும் இல்லை. ஒரு பலகையின் ஒரு முனையை லேசாக உயர்த்தி, மேல் நுனியில் கரடியை நிறுத்தி, தோளில் விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். இடமும் வலமுமாக அசைந்து, டக் டக் என்று கால் எடுத்து வைத்துக் கீழ் நுனி வரை நடந்து வந்துவிடும்.

குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் ஒரே பொம்மை பிடித்துப்போவது அபூர்வம். இந்தக் கரடி எப்படி அதைச் சாதித்தது என்று சில நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில், இதில் உருவம் வேறு, எந்திரம் வேறு இல்லை என்பதுதான். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற ஒவ்வொரு வளைவும் நடக்கிற வேலையில் பங்கெடுத்துக்கொண்டிருக்கிறது.

வயிற்றிலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர்ப் பொம்மையைச் சாய்த்து விட்டால் நிமிர்ந்துவிடுமே, அதன் அடிப்பாகம் கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதுதான் காரணம். எடை கீழே இருப்பதால் அதன் நிறை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, தாழ்வாக இருக்கிறது. அடி வளைவை ஒரு முழு வட்டமாக நீட்டிப் பார்த்தால், அந்த வட்டத்தின் மையம் நிறை மையத்துக்கு மேலே வரும். அதனால் சாய்க்கும்போதெல்லாம் நிறை மையம் கொஞ்சம் மேலே ஏற, ஈர்ப்பு விசை அதை மறுபடி கீழே இழுக்கிறது. கரடியின் பாதங்களும் அப்படித்தான். அடிப்பக்கம் தட்டையாக இல்லாமல் தொட்டில் கால் மாதிரி வளைந்திருக்கிறது. தொப்பை எடையைக் கீழே வைத்திருக்கிறது, தலை சின்னதாக இருப்பதால் மேலே பாரம் இல்லை. கைகளைத் தனியாக ஒட்டாமல் உடம்பிலேயே கோடாகச் செதுக்கியதும், மூக்கை நீட்டாமல் விட்டதும் இதே கணக்குதான்.

சரி, நிமிர்ந்து நிற்பது புரிகிறது. நடை எங்கிருந்து வருகிறது?

இரண்டு கால்களும் இடுப்பில் ஒரே குச்சியில் தளர்வாகத் தொங்குகின்றன. கரடி இடப்பக்கம் சாயும்போது வலது கால் பலகையிலிருந்து ஒரு மயிரிழை உயரம் தூக்குகிறது. தூக்கிய கால் இப்போது வெறும் ஊசல், கடிகாரப் பெண்டுலம் போல. பலகை சரிவாக இருப்பதால் உடம்பு ஊன்றிய இடது காலைத் தாண்டி முன்னே உருளுகிறது. பின்தங்கிய வலது கால் அதன் கூடவே முன்னால் ஆடி வருகிறது. அதற்குள் உடம்பு வலப்பக்கம் திரும்பிச் சாய்ந்துவிடுவதால் அந்தக் கால் டக்கென்று ஊன்றுகிறது. இப்போது இடது காலின் முறை.

இதில் இரண்டு தாளங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும். உடம்பு பக்கவாட்டில் ஆடுகிற தாளம் ஒன்று, கால் முன்னால் ஆடுகிற தாளம் இன்னொன்று. கால் ஆடி முடிப்பதற்குள் உடம்பு திரும்பிச் சாய்ந்தால் எடுத்து வைக்கும் எட்டு குறுகிப்போகும், கரடி நின்ற இடத்திலேயே தள்ளாடும். காலின் தாளத்தை அதன் நீளம்தான் முடிவு செய்கிறது. 5 செ.மீ. காலைச் சீரான குச்சியாக வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு முறை முன்னால் ஆட சுமார் 0.18 நொடி ஆகிறது. 80 செ.மீ. காலுக்கு அதே கணக்கு 0.73 நொடி என்று வரும். நீளம் பதினாறு மடங்கு, நேரம் நான்கு மடங்கு, ஏனென்றால் நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது. அப்பாவின் ஒரு எட்டுக்குக் குழந்தை பல எட்டு வைத்து ஓடி வருவதிலும் இந்தக் கணக்குக்குப் பங்கு உண்டு.

எரிபொருள்? அதுதான் சரிவு. ஒரு மீட்டர் பலகையின் முனையை 8 செ.மீ. உயர்த்தினால் எங்கள் கரடி நன்றாக நடக்கிறது. இது நீலகிரி மலை ரயிலின் ஏற்றம்தான்! கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் தண்டவாளம் மிகச் செங்குத்தான இடத்தில் 12.28 மீட்டருக்கு 1 மீட்டர் என்று ஏறுகிறது. ஒரு மீட்டருக்கு 8 செ.மீ.க்குச் சற்றே அதிகம். இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும் என்பதால்தான் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறும்படி செய்தார்கள். இதைச் சொன்னதிலிருந்து அண்ணன் மகளுக்குப் பலகையின் பெயர் 'கல்லாறு'.

60 கிராம் கரடி அந்த ஒரு மீட்டரில் இழக்கும் நிலை ஆற்றல், அதாவது உயரத்தில் இருப்பதால் அதற்குள்ள ஆற்றல், சுமார் 0.047 ஜூல். ரிமோட்டில் போடுகிற பென்சில் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 10,000 ஜூல் இருக்கிறது. அந்த அளவு ஆற்றலில் கரடி இதே சரிவில் 200 கி.மீ. நடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ரயில் பாதை 46 கி.மீ.தான், அதை நான்கு தடவை நடந்து முடித்தும் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு முறையும் அந்த 0.047 ஜூலை உள்ளே ஏற்றுவது, கரடியைத் தூக்கி மறுபடி மேலே வைக்கிற குழந்தையின் கை.

இறங்க இறங்க வேகம் கூடவேண்டும்தானே, கரடி ஏன் ஓடுவதில்லை? அந்த டக் சத்தத்தில் விடை இருக்கிறது. பாதம் பலகையில் மோதும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆற்றல் சத்தமாகவும் அதிர்வாகவும் வெப்பமாகவும் போய்விடுகிறது. வேகம் கூடினால் மோதலில் இழப்பு அதைவிட அதிகமாகக் கூடும். வேகம் குறைந்தால் இழப்பும் குறையும். சரிவு கொடுப்பதும் மோதல் பறிப்பதும் சமமாகிற ஒரு வேகத்தில் நடை தானாகவே நிலைத்துவிடுகிறது. முதலில் கொஞ்சம் பலமாகத் தட்டினாலும் மெதுவாகத் தட்டினாலும் நாலைந்து எட்டில் அதே தாளத்துக்கு வந்துவிடுவதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சரிவு மிகக் குறைந்தால் ஆட்டம் தேய்ந்து நின்றுவிடும். அதிகமானால் குப்புற விழும்.

இந்த வகைப் பொம்மை புதிதல்ல. 1888இலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபாலிஸ் என்பவர் சரிவில் நடக்கும் பொம்மைக்குக் காப்புரிமை வாங்கினார். 1930களில் ஜான் வில்சன் செய்த சின்ன மர நடைபொம்மைகள் அங்கே பரவலாக விற்றன. ஆச்சரியம் அதற்கப்புறம்தான் வருகிறது. 1990இல் டாட் மெக்கீர் என்ற பொறியாளர் இதே தத்துவத்தில், மோட்டாரும் கணினியும் இல்லாமல் சரிவில் நடக்கும் கால்களைச் செய்துகாட்டி, அதன் கணிதத்தையும் எழுதினார். ரைட் சகோதரர்கள் முதலில் எஞ்சின் இல்லாமல் மிதக்கப் பழகினார்கள், எஞ்சினைப் பிறகுதான் பூட்டினார்கள். நடையையும் அப்படியே அணுகலாம் என்பது அவர் வாதம். 1998இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல்மன், ரூயினா இருவரும் குழந்தைகளின் கட்டுமானப் பொம்மைத் துண்டுகளை வைத்தே ஒரு நடையானைச் செய்தார்கள். அதை அசையாமல் நிற்க வைக்க முடியாது, விழுந்துவிடும். ஆனால் சரிவில் விட்டால் விழாமல் நடக்கும். சைக்கிள் மாதிரி, ஓட்டத்திலேயே அதற்கு நிலை கிடைத்தது.

2005இல் இந்த வழியில் வந்த மூன்று ரோபோக்கள் சமதளத்தில் நடந்தன. அவற்றில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த ஒன்று வில்சனின் பொம்மை வழியில் வந்தது. அது 20 நிமிடத்துக்குள் தானே நடை கற்றது. கார்னெலின் ரோபோ, எடைக்கும் தூரத்துக்கும் கணக்கிட்டால், மனிதர்கள் செலவழிக்கும் அளவு ஆற்றலில் நடந்தது. அப்போது புகழ்பெற்றிருந்த ஹோண்டா நிறுவனத்தின் அசிமோ ரோபோவுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தேவைப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். அசிமோ ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு கணமும் மோட்டாரால் பிடித்துக்கொண்டிருந்தது. பொம்மையின் வாரிசுகள் காலைத் தொங்கவிட்டு, ஈர்ப்பு செய்கிற வேலையை ஈர்ப்பிடமே விட்டுவிட்டன. நாம் நடக்கும்போதும் தூக்கிய கால் பெரும்பாலும் இப்படித்தான் முன்னால் வருகிறது.

எங்கள் கரடியைச் செய்தவர் ஊரிலேயே கதவு, ஜன்னல் செய்கிற ஆசாரி. மரம் சில்வர் ஓக், தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடுகிற அதே மரம். அதைப் பட்டையிலிருந்து நடுத்தண்டு நோக்கி அறுத்தால் பலகையில் ஜரிகை போன்ற புள்ளிகள் தெரியும். வயிற்றில் அந்தப் பக்கம் வரும்படி பார்த்துச் செதுக்கியிருக்கிறார். பெயின்ட் அடிக்காமல் விட்டதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். நீங்கள் இப்படி ஒன்றை வாங்கினால், கால்கள் தொங்கும்படி தூக்கிப் பிடித்துக் காலை ஊதிப் பாருங்கள். மூன்று நான்கு தடவையாவது ஆடி ஓயவேண்டும். அப்புறம் பாதம் வழுக்கக்கூடாது. பளபளவென்று வார்னிஷ் பூசிய பாதம் நடக்காமல் சறுக்கிவிடும்.

ஐப்பசியில் எங்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஒரு வாரம் விடாமல் பெய்து, வீட்டுக்குள் துணிகூடக் காயாத நாளில் கரடி நடக்க மறுத்தது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் இழைக்குக் குறுக்கே நன்றாகப் பருக்கும், இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய பருக்கவே பருக்காது. இடுப்புக் குச்சி எல்லாப் பக்கமும் தடித்துவிட்டது. காலில் இருந்த ஓட்டையோ ஒரு திசையில் மட்டும் விரிந்து முட்டை வடிவம் எடுத்தது. மற்ற திசையில் குச்சி அதில் இறுகிக்கொண்டது. கால் தொங்கினால்தானே ஊசல்?

ஆசாரி குச்சியை உருவி, உப்புத்தாளில் நாலு தேய்ப்பு தேய்த்து மாட்டிக்கொடுத்தார். அன்றைக்கே நடந்தது. தை முடிந்து காற்று காய்ந்ததும் குச்சி மெலிந்து, கால் இப்போது கொஞ்சம் லொடலொடக்கிறது, மூட்டில் வீணாகிற ஆற்றலும் கூடியிருக்கிறது. 8 செ.மீ. சரிவில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அண்ணன் மகள் 'கல்லாறு' பலகைக்கு அடியில் இன்னொரு நோட்டைச் சொருகியிருக்கிறாள்.