37 இன்ச் டயருக்கு உங்கள் ஆக்சில் தாங்குமா?

ஜீப் ராங்ளர் ஜேகே (2007–2018) வண்டியின் ரூபிகான் வகையில் 255/75 ஆர்17 டயர் வரும். உயரம் சுமார் 32 இன்ச். அதைக் கழற்றி 35, 37 என்று மாட்டுகிறவர்கள் லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்) எவ்வளவு, ஃபெண்டரில் உரசுமா என்றெல்லாம் துருவித் துருவி விசாரிப்பார்கள். ஆக்சிலைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் அதனுள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் முறிந்த பிறகுதான் வரும்.

முதலில் ஒரு கணக்கு. ஜேகேயின் 3.8 லிட்டர் எஞ்சின் தருவது ஏறத்தாழ 321 நியூட்டன் மீட்டர். மேனுவல் கியர்பாக்ஸின் முதல் கியர் 4.46, ரூபிகானின் லோ ரேஞ்ச் (கரடுமுரடான பாதைக்கான கூடுதல் கியர் குறைப்பு) 4, ஆக்சில் விகிதம் 4.10. எல்லாவற்றையும் பெருக்கினால், உராய்வு இழப்பை ஒதுக்கிவிட்டால், 23,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது. இந்த முறுக்குவிசை முழுதும் ஒரே ஷாஃப்டில் இறங்கினால் எந்த ஷாஃப்டும் நிற்காது. அப்படியும் தினமும் உடையாமல் ஓடுவதற்குக் காரணம் டயர். பிடிப்பு தீர்ந்ததும் அது வழுக்கிவிடுகிறது. வீட்டு மின்சாரத்துக்கு ஃபியூஸ் எப்படியோ, ஆக்சிலுக்கு டயர் அப்படி.

ஒரு சக்கரத்தின் மேல் 1,000 கிலோ ஏறி நிற்கிறது, பாறையில் உராய்வுக் கெழு 1 என்று வைத்துக்கொள்வோம். 32 இன்ச் டயர் வழுக்குவதற்கு முன் ஷாஃப்டுக்கு வரும் முறுக்குவிசை ஏறத்தாழ 4,000 நியூட்டன் மீட்டர். 37 இன்ச்சில் அதே இடத்தில் 4,600. விட்டம் கூடியதால் மட்டுமே இந்த 16 சதவீதம். காற்றைக் குறைத்து, மென்மையான ரப்பர் டயரும் போட்டால் பிடிப்பு இன்னும் ஏறும். இரண்டு பாறைகளுக்கு இடையில் டயர் சிக்கிக்கொண்டால் வழுக்கவே வழியில்லை; ஃபியூஸ் கம்பி இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிய கதைதான்.

இதில் லாக்கரையும் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் கருவி) சேர்த்துப் பார்க்க வேண்டும். லாக்கர் இல்லாத ஓப்பன் டிஃபரன்ஷியலில் இரண்டு பக்கமும் சம விசைதான். ஒரு சக்கரம் காற்றில் சுழன்றால் மறுபக்கத்துக்கும் அவ்வளவுதான் போகும். லாக்கர் போட்டால் பிடிப்புள்ள சக்கரத்தின் ஷாஃப்ட் மொத்தச் சுமையையும் தனியாக வாங்குகிறது. எங்கள் கணிப்பில், லாக்கரோடு 35 போடுவது ஓப்பன் டிஃபரன்ஷியலோடு 37 போடுவதைவிட ஷாஃப்டுக்குக் கடுமையானது.

ஷாஃப்டின் முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். டானா நிறுவனத்தின் ஆக்சில்களில், சாதாரண ஜேகேயின் முன்பக்கம் வரும் டானா 30-இன் 27 ஸ்பிளைன் (ஷாஃப்ட் முனையிலுள்ள பற்கள்) ஷாஃப்ட் சுமார் 1.17 இன்ச். டானா 44-இன் 30 ஸ்பிளைன் சுமார் 1.30. இரண்டும் ஒரே எஃகு என்றால் பின்னது கிட்டத்தட்ட 37 சதவீதம் வலுவானது. டானா 60-இன் 35 ஸ்பிளைன் 1.50 இன்ச், அது 44-ஐப் போல ஒன்றரை மடங்கு. குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) ஷாஃப்டுக்கு மாறினால் விட்டம் கூட்டாமலே கணிசமான வலிமை கிடைக்கும். ஆனால் அதற்குப் பிறகு முதலில் போவது யூ-ஜாயின்டாக (ஷாஃப்ட் திரும்பும் இடத்திலுள்ள மூட்டு) இருக்கும். அதன் கப்புகள் சுழன்று வெளியே வராமல் இருக்க முழுவட்டக் கிளிப் போடுங்கள், சின்னச் செலவு.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரூபிகானின் முன் ஆக்சில் ‘டானா 44’ என்ற பெயரை நம்பி 37-க்குப் போகிறார்கள். கிரவுன் வீலும் உள் ஷாஃப்டும் 44 அளவுதான். ஹவுசிங் குழாயும், அதன் இரு முனையிலுள்ள ‘சி’ வடிவத் தாங்கிகளும், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளும் சாதாரண ஜேகேயின் டானா 30-இல் இருப்பவையே. டயரோடு சேர்ந்த 37 இன்ச் சக்கரம் ஒன்று 45 கிலோவைத் தாண்டலாம். வேகமாகப் பள்ளத்தில் இறங்கினால் ‘சி’ வளையும், குழாயும் வளையும். டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்கிறதா, அலைன்மென்ட் தாளில் ஒரு பக்கம் மட்டும் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எதிர்மறையாக நிற்கிறதா என்று பாருங்கள். பால் ஜாயின்ட் நன்றாக இருந்தும் அப்படி நின்றால் ஹவுசிங்கைச் சந்தேகப்படலாம். இதற்குத் தீர்வு, குழாய்க்குள் ஸ்லீவ் (உட்குழாய்) செருகி, ‘சி’க்குக் கஸெட் என்ற வலுவூட்டும் தகடு பற்றவைப்பது. வளைவதற்கு முன் செய்தால்தான் பலன். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் ஹவுசிங்கே கோணிவிடும். ஓர் இன்ச் அளவில் விட்டுவிட்டு, பக்கம் மாற்றி, ஆறவிட்டுப் போட வேண்டும். வீலை வெளியே தள்ளும் ஸ்பேசர் ஹப் பேரிங்குக்கும் பால் ஜாயின்டுக்கும் நெம்புகோல்.

கியர் விகிதமும் மாற வேண்டும். 4.10 × 37 ÷ 32 = 4.74, கடையில் அதற்கு அடுத்துக் கிடைப்பது 4.88. இதற்கு ஒரு விலை உண்டு. 4.10 என்பது 41 பல் கிரவுன் வீலுக்கு 10 பல் பினியன் (அதைச் சுழற்றும் சிறு கியர்), 4.88 என்பது 39-க்கு 8. பினியன் சிறுக்கிறது, ஒரே நேரத்தில் பொருந்தும் பற்கள் குறைகின்றன. டானா 30 போன்ற சின்ன ஆக்சிலில் 5.13 போட்டு 37 இன்ச் டயரையும் சுற்றச் சொல்வது அதிகம். புது கியர் போட்டதும் 25–30 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நன்றாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். 800 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

எங்கள் அளவுகோல் இது: 33 வரை டானா 30 அப்படியே போதும். 35-க்கு ஸ்லீவ், கஸெட், லாக்கர் இருந்தால் குரோமோலியும். 37-க்கு முன் ஆக்சிலாக டானா 44-உம் அதே வலுவூட்டலும், தடித்த டை ராடும் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டீயரிங் கம்பி), பெரிய பிரேக் டிஸ்க்கும். 40 என்றால் டானா 60 வகைக்குக் கீழே பேச்சே வேண்டாம்.

பழைய டிஜே (1997–2006) வண்டிகளில் டானா 35 பின் ஆக்சில் இருந்தால் தனிக் கவனம் தேவை. அதில் ஷாஃப்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு ‘சி’ கிளிப் மட்டும். ஷாஃப்ட் முறிந்தால் மிச்சத் துண்டோடு சக்கரமே வெளியே நழுவி வந்துவிடும். சாலையில் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தியாவில் ஓட்டுகிறவர்களுக்கு: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. டயர் வாங்கும் முன் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான ஷாஃப்டுகள் முறிவது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது. அந்தக் கோணத்தில்தான் யூ-ஜாயின்டின் காதுகள் மிகவும் பலவீனம். காற்றில் சுழலும் சக்கரம் சட்டென்று பாறையில் இறங்குவது அடுத்தது. ஷாஃப்ட் வெளியே வரும்போதெல்லாம் அதன் நீளவாக்கில் பெயின்டால் ஒரு நேர்க்கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கோடு திருகியிருந்தாலோ, ஸ்பிளைன் பற்கள் சாய்ந்திருந்தாலோ, உடையாவிட்டாலும் அதைத் திரும்ப மாட்டாதீர்கள்.