கொம்பை அளக்கும் முன் பல்லைப் பாருங்கள்: நமீபியச் சமவெளி வேட்டையில் விலங்குத் தேர்வு

கட்டணம் செலுத்தி வேட்டையாட வருவோரை ஏற்கும் நமீபியாவின் வேட்டைப் பண்ணைகளில், மற்றவர்களின் வேலை முடிந்த இடத்தில்தான் என் வேலை தொடங்கும். சுடப்பட்ட விலங்கு பக்கி எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்தட்டில் வந்து இறங்கி, படம் எடுத்தாகி, அளவு நாடாவால் கொம்பை இரண்டு முறை அளந்து, வந்தவரும் வழிகாட்டியும் கைகுலுக்கிக்கொண்டு போனபின், தோலுரிக்கும் கொட்டகையில் ஈரலும் நுரையீரலும் கீழ்த்தாடையும் கால்நடை மருத்துவனான என் மேசைக்கு வரும். அந்தத் தாடையைப் பிளந்து பார்க்கும்போதுதான், சுட்டது சரியான விலங்கா என்பது எனக்குத் தெரியும். சுட்டவருக்கு அது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு கூடூ (முறுக்குக் கொம்புள்ள பெரிய இரலை) கடாக்களைச் சொல்கிறேன். முதலாவதன் கொம்பு 55 அங்குலம். கொம்பின் நீளத்தை வரிசைப்படுத்தும் வேட்டைப் பதிவேடுகளில் இடம்பெறக் கேட்கும் சுமார் 54 அங்குலத்தைத் தாண்டியதால் அன்றிரவு பண்ணையில் கொண்டாட்டம். ஆனால் அதன் முதல் கடைவாய்ப் பல்லின் நடுக்குழி இன்னும் ஆழமாகவே இருந்தது. ஐந்து வயதைத் தாண்டியிருக்காது, இனப்பெருக்கத்தில் முழு வலிமையோடு இறங்க வேண்டிய பருவம் அதற்கு இனிமேல்தான் வந்திருக்கும். இரண்டாவதன் கொம்பு 48 அங்குலம், ஒரு முனை உடைந்து தேய்ந்திருந்தது. வழிகாட்டி அதற்காக விருந்தினரிடம் வருத்தம் தெரிவித்ததை நானே கேட்டேன். அதன் கடைவாய்ப் பற்கள் தட்டையாகத் தேய்ந்து, அடுத்த வறட்சியைத் தாங்கியிருக்குமா என்று ஐயுறும் நிலையில் இருந்தன. நிலத்தின் கணக்கில் எடுத்திருக்க வேண்டியது இரண்டாவதுதான்; முதலாவதை எடுத்தது நட்டம்.

நம் ஊர்ச் சந்தையில் மாடு வாங்குபவர் கொம்பின் அழகை ரசிப்பார், ஆனால் விலை பேசும் முன் வாயைத் திறந்து இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடைசேர்ந்ததா என்று பார்க்காமல் இருக்க மாட்டார். காட்டு விலங்கிடம் அப்படி வாயைத் திறந்து பார்க்க முடியாது என்பதுதான் சிக்கல். சுடுவதற்கு முன்பே, தொலைநோக்கியின் வழியாக, உடலையும் நடையையும் வைத்து வயதைக் கணிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழும் தமிழர்கள் சிலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஏழு நாளில் எத்தனை விலங்கு எடுக்கலாம்?" என்பதே. வேட்டை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் இங்கே நான் போகவில்லை. கென்யா 1977இல் அதைத் தடை செய்தது. நமீபியாவோ 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பண்ணை உரிமையாளர்களுக்கும், 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொதுநிலங்களில் வாழும் சமூகங்களுக்கும் வனவிலங்குகளின் மீது உரிமை கொடுத்து வேறு வழியில் போனது. நான் வேட்டையாடுபவன் அல்லன். ஆனால் போவதென்று முடிவு செய்துவிட்டவருக்கு, எந்த விலங்கைத் தொடர்வது என்ற ஒரு முடிவில்தான் அவர் செய்யும் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன என்பதை என் மேசையில் வந்து விழும் தாடைகள் சொல்கின்றன.

பெரும்பாலானோர், எந்தெந்த விலங்கைச் சுடுவது என்ற பட்டியலை நிலத்தைப் பார்க்கும் முன்பே போட்டுவிடுகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக் கண்காட்சிகள் நடக்கும் சனவரி, பிப்ரவரி மாதங்களில் "கூடூ, ஜெம்ஸ்பாக், ஹார்ட்டபீஸ்ட், வரிக்குதிரை, வார்ட்ஹாக்" என்று ஐந்தும் (ஜெம்ஸ்பாக்கும் ஹார்ட்டபீஸ்ட்டும் இரலைகள், வார்ட்ஹாக் முகத்தில் மருக்கள் கொண்ட காட்டுப்பன்றி) ஒரே கட்டணத்தில் விற்பனையாகிவிடுகின்றன. நமீபியாவின் உள்நிலப் பகுதிகளில் மழை பெய்வதோ ஏறக்குறைய சனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மழை எப்படி இருந்தது, எத்தனை கன்றுகள் பிழைத்தன, புல் எதுவரை தாங்கும் என்பதெல்லாம் தெரிந்து, பண்ணைக்காரர் எண்ணிக்கை எடுத்து முடிக்கும்போது மே மாதம் ஆகிவிடும். மழை தெரிவதற்கு முன் விற்றுவிட்ட விலங்கை, மழை பொய்த்தபின் எப்படியாவது காட்டித்தானே ஆக வேண்டும்? அங்கேதான் வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் பார்க்கும் பொறுமை போய்விடுகிறது.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு வடமேற்கில் உள்ள குனேனே பகுதியே சாட்சி. 2010களில் தொடர்ந்து நீண்ட வறட்சியில் அங்கே ஸ்பிரிங்பாக் என்ற சிறிய இரலை, ஜெம்ஸ்பாக், மலை வரிக்குதிரை ஆகியவற்றின் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. 2024ஆம் ஆண்டு வறட்சியில் நமீபிய அரசே 723 விலங்குகளைக் கொன்று இறைச்சியை மக்களுக்குப் பகிர்ந்தளிக்க முடிவெடுத்தது. அவற்றில் 300 வரிக்குதிரைகளும் தலா 100 ஈலண்ட், நீல வில்டபீஸ்ட் இரலைகளும் 50 இம்பாலா இரலைகளும் அடக்கம். அந்த எண்ணிக்கைகளைப் பார்த்துவிட்டு, வறட்சி ஆண்டில் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். மேய்ச்சலின் சுமையைக் குறைக்க மந்தையிலிருந்து பொதுவாக எடுப்பது வேறு. வறட்சியைத் தாண்டி நின்ற வலுவான கடாவைத் தேடிப் பிடித்து எடுப்பது வேறு. மழை திரும்பும்போது மந்தையை மீட்க வேண்டியது அந்தக் கடாதான்.

இனி விலங்குகளுக்கு வருவோம். கூடூவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாருடைய பட்டியலிலும் முதலில் இருப்பது அதுவே. கடாவின் கொம்பு ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் முறுக்கை முடிக்கிறது; இரண்டரை முறுக்கு முழுமையாக வருவதற்கு ஆறு வயதாகும். காட்டில் ஒரு கடா எட்டு வயதைத் தாண்டுவதே அரிது. ஆக, முழு வளர்ச்சிக்கும் முதுமைக்கும் இடையே உள்ள காலம் மிகக் குறுகியது. முறுக்கு முடிந்துவிட்டதா என்று பார்ப்பதோடு நிற்காமல், கொம்பின் முனைகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவா, கழுத்து தடித்து முன்னுடல் கனத்திருக்கிறதா, உடலில் முடி உதிர்ந்து தோல் நீலச்சாம்பலாகத் தெரிகிறதா, முதுகு சற்றே தொய்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். முட்புதரின் நடுவே இவ்வளவையும் பார்க்கக் கிடைப்பது சில நொடிகள்தான். பார்க்க முடியவில்லை என்றால் விட்டுவிடுவது என்ற ஒப்பந்தத்தை வழிகாட்டியோடு முதல் நாள் காலையிலேயே செய்துகொள்ள வேண்டும். கடா எதிரே நிற்கும்போது செய்துகொள்ள முடியாது.

ஜெம்ஸ்பாக் இன்னும் நுட்பமான பொறி. இதில் ஆண், பெண் இரண்டுக்கும் நேரான நீண்ட கொம்பு உண்டு. பெட்டையின் கொம்பு மெலிந்து நீண்டிருக்கும். கடாவின் கொம்பு அடிப்பகுதி தடித்துக் குட்டையாக இருக்கும். பதிவேட்டுக்கு வேண்டியது 40 அங்குல நீளம் என்பதால், நீளத்தைத் துரத்துபவர் தம்மையறியாமலே பெட்டைகளைத் துரத்துகிறார். கன்று ஈன்று பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெட்டையைச் சுட்டுவிட்டு, மடியைத் தொட்டுப் பார்த்தபின் முகம் வாடி நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெம்ஸ்பாக் தன் கன்றைப் பிறந்த முதல் சில வாரங்கள் புதரில் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். அதனால் அருகில் கன்று இல்லை என்பதாலேயே கன்று இல்லை என்று ஆகிவிடாது. பெட்டைதான் வேண்டும் என்றால், அரை மணி நேரம் உட்கார்ந்து மடியையும் பின்னங்கால்களுக்கு இடையே உள்ள பகுதியையும் பார்த்துவிட்டு, மந்தையில் மிக முதிர்ந்த, ஈனும் பருவம் கடந்த ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். நமீபியாவின் தொழில்முறை வேட்டையாளர் சங்கம் கொம்பின் நீளத்தோடு வயதுக்கும் மதிப்புத் தரும் அளவீட்டு முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்த சீர்திருத்தம். ஆனால் வந்திறங்குபவர்களில் அதைக் கேள்விப்பட்டவர் குறைவு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். இம்பாலாவில் கடாவுக்கு மட்டுமே கொம்பு, அதனால் ஆண், பெண் குழப்பம் இல்லை. வார்ட்ஹாக்கில் ஆணுக்கு முகத்தில் இரண்டு இணை மருக்கள், பெண்ணுக்கு ஓர் இணை. தந்தத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார், மருவைப் பார்ப்பவர் ஏமாறமாட்டார். ஹார்ட்டபீஸ்ட், வில்டபீஸ்ட் இரண்டிலும் இருபாலுக்கும் கொம்பு உண்டு, அவசரத்தில் தவறு நடக்கும். வரிக்குதிரையில் ஆணையும் பெண்ணையும் தொலைவிலிருந்து பிரித்தறிவது எல்லாவற்றிலும் கடினம். அனுபவமுள்ள தடம் பார்ப்பவர் இல்லாமல் அதைப் பட்டியலில் வைக்கவே வேண்டாம் என்பேன்.

மருத்துவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது நோய். 1977இல் தொடங்கி எண்பதுகளின் நடுப்பகுதிவரை நமீபியாவின் கூடூக்களிடையே வெறிநாய்க்கடி நோய் பரவி 30,000 முதல் 50,000 வரை மடிந்ததாக மதிப்பிடப்படுகிறது. 2002 முதல் மீண்டும் தலைகாட்டியது. நாயோ நரியோ கடிக்காமலே, ஒரே முட்புதரை மேயும் கூடூக்களிடையே உமிழ்நீர் வழியாக இது பரவுவதாகக் கருதப்படுகிறது. நோயுற்ற கூடூ அச்சமின்றி வீட்டு முற்றத்துக்கே வரும், வாயில் நுரை தள்ளும், பின்னங்கால் தளரும். "எவ்வளவு சாதுவாக நிற்கிறது பாருங்கள்" என்று அருகில் போய்ப் படம் எடுத்த விருந்தினர் ஒருவரை நாங்கள் தடுப்பூசிக்கு அனுப்ப நேர்ந்தது. விலகி ஓடாமல் நிற்கும் கூடூவைப் பரிசாக எண்ணாதீர்கள். பண்ணைக்காரரிடம் சொல்லுங்கள், கையுறையின்றித் தலையையும் வாயையும் தொடாதீர்கள். காட்டுப்பன்றி இனத்தில் வார்ட்ஹாக், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலைத் தான் நோயுறாமலே சுமக்கக்கூடியது. வில்டபீஸ்ட்டும் அவ்வாறே மாடுகளைக் கொல்லும் ஒரு வைரஸைச் சுமக்கிறது. அதை அங்கே ஸ்நாட்சீக்டே என்பார்கள். பசுமாடு வளர்க்கும் பண்ணைக்காரர் வில்டபீஸ்ட் காட்ட மறுத்தால் அதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கலாம், வற்புறுத்தாதீர்கள். நாட்டின் வடபகுதியைப் பிரிக்கும், உள்ளூர்க்காரர்கள் சிவப்புக் கோடு என்று அழைக்கும் கால்நடை வேலிக்கு அப்பால் சுட்ட விலங்கின் இறைச்சியை, கோமாரி நோய்க் கட்டுப்பாட்டால், நினைத்தபடி தெற்கே கொண்டுவரவும் முடியாது.

விலங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் வேலியிட்ட சில நிலங்களில், பொன்னிற வில்டபீஸ்ட், கறுப்பு இம்பாலா, செம்புநிற ஸ்பிரிங்பாக் என்று நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கி வளர்த்தவற்றை விலைப்பட்டியலில் காணலாம். இவை தனி இனங்கள் அல்ல. இயற்கையில் எப்போதாவது தோன்றும் நிறமாற்றத்தைச் சிறு மந்தைகளில் நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கியவை. இயல்பாகவே இரு வேறு இனங்களான கறுப்பு வில்டபீஸ்ட்டும் நீல வில்டபீஸ்ட்டும் ஒரே வேலிக்குள் இருந்தால் கலந்து, ஈனும் திறனுள்ள கலப்பினக் கன்றுகளைப் பெறும். தென்னாப்பிரிக்காவின் அரிய இரலையான பான்ட்டபாக்கின் கதை இன்னும் துயரமானது: 1931இல் அதற்கென்று தேசியப் பூங்கா அமைத்தபோது அங்கே இருந்தவை 17 மட்டுமே, அவற்றின் வழிவந்தவை இன்று அதன் நெருங்கிய உறவான பிளெஸ்பாக்குடன் கலந்துவிடும் ஆபத்தில் இருக்கின்றன. பான்ட்டபாக்கைத் தேர்வு செய்பவர் மரபணுச் சோதனைச் சான்றையும் ஏற்றுமதிக்குத் தேவையான உரிமத்தையும் முன்கூட்டியே கேட்க வேண்டும். சென்ற வாரம் லாரியில் வந்திறங்கிய விலங்கை இன்று "தேடிப் பிடிப்பது" என்னைப் பொறுத்தவரை வேட்டையே அல்ல. இந்த இனம் இங்கே எத்தனை தலைமுறையாகக் கன்று ஈன்றுவருகிறது என்ற ஒரே கேள்வி அத்தகைய இடங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாகச் சுடுபவரின் கை. நமீபியச் சட்டம் ஸ்பிரிங்பாக் போன்ற சிறியவற்றுக்குக் குறைந்தது 1,350 ஜூல், கூடூ, ஜெம்ஸ்பாக், ஈலண்ட் போன்றவற்றுக்கு 2,700 ஜூல் ஆற்றல் கொண்ட தோட்டா வேண்டும் என்கிறது. ஆற்றல் மட்டும் போதாது. திறந்த வெளியில் நிற்கும் ஸ்பிரிங்பாக் இருநூறு மீட்டருக்குள் நெருங்க அரிதாகவே விடும். முக்காலிக் கோலில் ரைஃபிளைச் சாய்த்துச் சுட்டுப் பழகாதவர் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஆப்பிரிக்க இரலைகளின் இதயம் மார்பில் தாழ்வாகவும் முன்பக்கமாகவும் இருப்பதால், ஐரோப்பிய மான்களைச் சுட்டுப் பழகியவர்கள் பெரும்பாலும் பின்தள்ளிச் சுட்டுவிடுகிறார்கள். குடலில் குண்டு பாய்ந்து இரண்டு நாள் கழித்துக் கிடைத்த வில்டபீஸ்ட்டை நான் அறுத்துப் பார்த்திருக்கிறேன். அதை இங்கே விவரிக்க விரும்பவில்லை. ஒரு சொட்டு இரத்தம் விழுந்தாலும் முழுக் கட்டணம் என்பது அங்கே எல்லாப் பண்ணைகளிலும் வழக்கம், அது நியாயமே.

போன பருவத்தில் ஒருவர் ஆறு விலங்குகளின் பட்டியலோடு எழுதியிருந்தார். மே மாத எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் பண்ணைக்காரரும் நானும் அதில் நான்கை அடித்தோம்; ஒரு முதிய ஜெம்ஸ்பாக்கும் ஒரு வார்ட்ஹாக் கடாவும் மட்டும் மிஞ்சின. பணத்தைத் திருப்பிக் கேட்பார் என்றே எதிர்பார்த்தோம், கேட்கவில்லை. நான்கு நாட்கள் மந்தை மந்தையாகப் பார்த்து விட்டுக்கொண்டே நடந்து, ஐந்தாம் நாள் மாலை தனியே மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெட்டையைச் சுட்டார். இடக்கொம்பு பாதியில் உடைந்திருந்தது. மடி வற்றியிருந்தது, கருப்பையில் ஒன்றுமில்லை, கடைவாய்ப் பற்கள் ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தன. அளவு நாடாவை யாரும் எடுக்கவில்லை. கொம்போடு சேர்த்து அந்தத் தாடையையும் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டார். மறுநாள் காலை நானே செய்துகொடுத்தேன்.