கேட்டல் நரம்பு உருவாகாமை

பிறவியிலேயே கேட்டல் நரம்பு அமையாத குழந்தைகளின் நிலையை மருத்துவர்கள் ‘காக்ளியர் நெர்வ் அப்ளேசியா’ என்பர். இதை ‘உட்செவிச் செயலிழப்பு’ என்று பெயர்த்திருப்பதைப் பலமுறை கண்டுவிட்டேன்; இனியும் பேசாதிருப்பது சரியன்று. ‘காக்ளியா’வின் கிரேக்க வேர் நத்தையைக் குறிக்கும், உட்செவியிலுள்ள சுருள் உறுப்புக்கு அப்பெயர் வந்தது. ‘அப்ளேசியா’ என்பது உருப்பெறாமை.

இழப்பதற்கு முன் ஒன்று இருந்தாக வேண்டும். கருவிலேயே உருவாகாத நரம்பை எவரும் இழக்கவில்லை. ‘நரம்பு நலிவு’ என்பதும் இதே காரணத்தால் பொருந்தாது. வளர்ந்தது மெலிவதே நலிவு. கேளாமை எதைக் கண்டாலும் ‘இழப்பு’ என்றே எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள், பிறவிக் குறைக்கும் பின்னர் நேர்ந்த குறைக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய பிழை, குறையை உட்செவியின் மேல் ஏற்றுவது. இக்குழந்தைகள் சிலரிடம், உட்செவியில் ஒலியை உணர உதவும் ‘வெளி மயிர்ச்செல்கள்’ நன்றாகவே இயங்குகின்றன. அச்செல்கள் ஒலியதிர்வைப் பெருக்கும்போது மெல்லிய ஒலியொன்று செவித்துளை வழியே வெளியே திரும்பி வரும் என்பதை 1978இல் பிரித்தானிய ஆய்வாளர் டேவிட் கெம்ப் அறிவித்தார். பிறந்த குழந்தைக்கு அந்த ஒலியை மட்டும் அளந்து பார்த்தால் செவி நலமாக இருப்பதாகவே முடிவு வரக்கூடும். மூளைத்தண்டின் மின் எதிர்வினையைச் சோதிக்கும்போதுதான் செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்பது வெளிப்படும். இயங்கும் உறுப்பைச் செயலிழந்தது என்று எழுதுவதை எப்படி ஏற்பது?

இது சொல்லோடு முடியும் பிழையும் அன்று. உட்செவியில் பொருத்தும் ‘காக்ளியர் இம்ப்ளான்ட்’ கருவி மயிர்ச்செல்களைத் தவிர்த்து நரம்பிழைகளை நேரே தூண்டுவது. உட்செவி மட்டுமே பழுது என்று படிக்கும் பெற்றோர், அக்கருவி போதும் என நம்புவது இயல்பு. தூண்டுவதற்கு நரம்பே இல்லாத இடத்தில், மூளைத்தண்டில் பொருத்தும் கருவியைப் பற்றி எண்ண வேண்டியிருக்கும்.

‘செவிநரம்பு உருவாகாமை’ என்பாரும் உளர். அது பெருமளவு சரியே. எனினும் செவிநரம்பு எனப்படும் எட்டாம் மூளை நரம்பில் உடல் சமநிலைக்கான கிளையும் உண்டு, அது அமைந்திருக்கலாம் என்பதால் ‘கேட்டல் நரம்பு’ என்பதையே தேர்கிறேன். எம்.ஆர்.ஐ. படத்தில் நரம்பு தென்படாதபோதும் நுண்ணிழைகள் சில இருந்து, காக்ளியர் இம்ப்ளான்ட் ஓரளவு பயன் தந்த குழந்தைகளும் உண்டு. நரம்பு மெலிதாக அமைந்திருப்பதைக் ‘குறையுருவாக்கம்’ என்றும் அறவே அமையாததை ‘உருவாகாமை’ என்றும் வேறுபடுத்திச் சொல்ல இயலும். ‘செயலிழப்பு’ என்ற சொல்லில் இவ்வேறுபாட்டுக்கு இடமே இல்லை.