ஆன்டிவைரஸ் வாங்குமுன் அடுத்த ஆண்டு விலையைக் கேளுங்கள்

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினி உங்கள் வீட்டில் இருந்தால், ஆன்டிவைரஸும் ஏற்கெனவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்று பெயர். விண்டோஸோடு சேர்ந்தே வருவது, தனியாகக் காசு கிடையாது, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டாம்.

வீடுகளுக்குப் போய்க் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். சிங்கப்பூரில் ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் வெஸ்ட் பக்கம் வாடிக்கையாளர்கள் அதிகம், அவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். "தம்பி, விலை கம்மியா நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்காத வீடு குறைவு. டிஃபெண்டரைப் பற்றிச் சொன்னதும், "சும்மா வர்றது எப்படித் தம்பி நல்லா இருக்கும்?" என்பார்கள்.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2009இல் செக்யூரிட்டி எசன்ஷியல்ஸ் என்ற இலவச மென்பொருளை விட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல் டிஃபெண்டரை உள்ளேயே வைத்துக் கொடுத்தது. அந்த ஆண்டுகளில் சோதனைகளில் அது கடைசி வரிசையில்தான் நிற்கும். இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், பயன்படுத்த எளிமை என மூன்றுக்கும் தலா 6 புள்ளி கொடுப்பார்கள், மொத்தம் 18. சில ஆண்டுகளாக டிஃபெண்டர் அதில் முழுப் புள்ளியோ அதற்கு மிக அருகிலோ வாங்கி வருகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் உள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இன்னும் கறாரானது. இணையத் தொடர்பு இல்லாதபோது டிஃபெண்டர் கண்டுபிடிக்கும் அளவு குறைந்துவிடுகிறது என்று அவர்களுடைய சோதனைகளில் தெரியும். வைஃபை எந்நேரமும் ஓடும் சிங்கப்பூர் வீட்டில் அது பெரிய குறையாகாது. இரண்டு கூடங்களின் முடிவுகளையும் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதைவிட, யூடியூப்பில் தள்ளுபடிக் கூப்பனோடு பேசுகிறவர் சொல்வதைவிட, அவை நம்பத்தக்கவை.

டிஃபெண்டர் இருக்கிறது என்பதற்காக அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து பாருங்கள். வைரஸ் பாதுகாப்பைக் காட்டும் முதல் பெட்டியில் பச்சை டிக் இருக்க வேண்டும். அதற்குள் போனால் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்றும் காட்டும். நேற்றோ இன்றோ என்றால் சரி. போன மாதத் தேதி இருந்தால் எங்கோ கோளாறு.

அங்கே வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் லேப்டாப் வாங்கும்போதே உள்ளே போட்டுக் கொடுத்த சோதனைப் பதிப்பு. முப்பது நாளோ ஓராண்டோ ஓடிவிட்டுக் காலாவதியாகி, 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள்' என்று தினமும் மிரட்டிக்கொண்டிருக்கும். நான் போகும் வீடுகளில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். அதை முழுசாக நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக நீக்கியும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால், பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் மென்பொருளைத் துடைத்தெடுக்கத் தனிக்கருவி வைத்திருக்கின்றன. அதை அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போடுகிறவர்களும் உண்டு. ஒரே வாசலில் இரண்டு காவலாளியை நிறுத்தினால், அவர்கள் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்துக்கொண்டு உருளுவார்கள். கணினி ஆமையாகிவிடும்.

காசு கொடுத்து வாங்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு லேப்டாப், நான்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி, ஊரில் அப்பா அம்மாவுக்கு ஒரு கணினி என்று இருந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் எடுத்து ஒரே இடத்திலிருந்து கவனிப்பது வசதிதான். போலி வங்கித் தளங்களைத் தடுக்கும் டிஃபெண்டரின் துணை வசதி எட்ஜ் பிரவுசரில்தான் முழுமையாக வேலை செய்யும். குரோமுக்கு கூகலின் தடுப்பு தனியாக இருக்கிறது. வீட்டில் எதைக் கண்டாலும் சொடுக்குகிற ஆள் இருந்தால் இதற்கு மேல் ஓர் அடுக்கு இருப்பது நல்லது. பிட்டிஃபெண்டர், ஈசெட் இரண்டும் இந்தச் சோதனைகளில் பல ஆண்டுகளாக நல்ல பெயர் வாங்கியவை. முதலாவது ருமேனியா, மற்றது ஸ்லோவாக்கியா. நம் சென்னையிலிருந்தும் கே7 என்று ஒன்று 1991 முதல் இருக்கிறது.

வாங்குவதென்றால் விலையை இப்படிப் பாருங்கள். எக்ஸ்போவில் கணினிக் கண்காட்சி நடக்கும்போதும் இணையத்திலும் பெரிதாக அச்சடித்திருப்பது முதல் ஆண்டு விலை. அடுத்த ஆண்டு விலை பொடி எழுத்தில் இருக்கும், பல சமயம் இரண்டு மடங்குக்கும் மேல். இணையத்தில் கிரெடிட் கார்டு கொடுத்து வாங்கினால் 'தானாகப் புதுப்பித்தல்' பெரும்பாலும் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும். ஓராண்டு கழித்து அட்டைக் கணக்கில் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போன பிறகுதான் எனக்கு ஃபோன் வரும். வாங்கிய அன்றே உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய் அதை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும் கட்டிய ஆண்டு முடியும்வரை பாதுகாப்பு ஓடும். ஆண்டு முடிந்ததும் வேறு சலுகையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். சலுகை எப்போதும் புது வாடிக்கையாளருக்குத்தான், பழைய ஆளுக்கு முழு விலை.

உரிமம் எத்தனை சாதனங்களுக்கு என்பதையும் பாருங்கள். இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் விபிஎன், பாஸ்வேர்டு பெட்டி, கணினியைச் 'சுத்தம்' செய்யும் கருவி என்று மேலே மேலே அடுக்கி விலையை ஏற்றியிருப்பார்கள். வீட்டுக் கணினிக்கு அந்தச் சுத்தக் கருவி தேவையே இல்லை. இணையச் சந்தைகளில் ஐந்து வெள்ளிக்கு விற்கும் உரிம எண்கள் பக்கமும் போகாதீர்கள். வேறு நாட்டுக்கென்று விற்றதாகவோ ஏற்கெனவே பலர் பயன்படுத்தியதாகவோ இருக்கும். சில வாரம் ஓடிவிட்டு நின்றுபோகும், கேட்க ஆள் இருக்காது.

இலவசப் பதிப்புகளுக்கும் ஒரு விலை உண்டு. அவாஸ்ட், தன்னைப் பயன்படுத்தியவர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024இல் 16.5 மில்லியன் டாலர் கட்டச் சொன்னது. இன்று நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா நான்கும் ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். நான்கில் எது என்று மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுவேன்.

சரி, எந்த ஆன்டிவைரஸ் என்பதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நான் சரிசெய்யப் போகும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஆன்டிவைரஸ் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும். கதவைத் திறந்துவிட்டது வீட்டு ஆளே.

பத்தாம் வகுப்பு வயதுப் பையன் இருக்கும் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். கணினி விளையாட்டில் குறுக்குவழியில் ஜெயிக்க 'சீட்' மென்பொருள் வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டிய வீடியோ எடிட்டிங் மென்பொருள் இலவசமாக வேண்டும். யூடியூப் காணொளியின் கீழே இருக்கும் இணைப்பைச் சொடுக்குகிறான். பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு இறங்குகிறது. அதற்கு 1234 என்று பாஸ்வேர்டு. ஊருக்கே தெரிந்த எண்ணைப் பாஸ்வேர்டாக எதற்கு வைக்கிறார்கள்? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். கூடவே ஒரு டெக்ஸ்ட் கோப்பு: 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும். வைரஸ் என்று காட்டினால் அது பொய்.' பையனும் சமர்த்தாக அணைக்கிறான். அப்புறம் நடப்பது சத்தமில்லாமல் முடிந்துவிடும். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், உள்நுழைந்த நிலையிலேயே இருக்கும் மின்னஞ்சல், ஃபேஸ்புக் கணக்குகளின் குக்கிகள் (பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும் அடையாளச் சீட்டு மாதிரி) எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி வெளியே போய்விடும். புதுத் தமிழ்ப் படம் பார்க்கப் போகும் திருட்டுத் தளங்களிலும் இதே கதைதான். அங்கே ஐந்து 'டவுன்லோட்' பொத்தான் இருந்தால் ஐந்துமே விளம்பரம்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பெட்டி வரும். படத்தில் பேருந்தைத் தேடச் சொல்லாமல், விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கண்ட்ரோலோடு வி, பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையைக் காப்பி செய்து வைத்திருக்கிறது. நீங்கள் உங்கள் கையாலேயே அதை ஒட்டி ஓட்டிவிடுகிறீர்கள். உண்மையான சோதனை எதுவும் அந்த விசைகளை ஒருபோதும் கேட்காது.

பெரியவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். திரையின் வலது கீழ் மூலையில், பிரபல ஆன்டிவைரஸின் சின்னத்தோடு 'ஐந்து வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்று நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும். கணினி கெட்டுப்போய்விட்டது என்று பயந்து கூப்பிடுவார்கள். உண்மையில் அங்கே வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது 'அலோ' என்று அழுத்தியதன் பலன். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன் போய், தெரியாத தளங்களை நீக்கினால் தீர்ந்தது. இதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம், நீங்களே செய்துவிடலாம். திரை முழுவதையும் மறைத்துக்கொண்டு, கத்திக்கொண்டே ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டினால் எஸ்கேப் விசையை அழுத்திப் பிடியுங்கள். போகாவிட்டால் ஆல்ட் விசையோடு எஃப்4. அந்த எண்ணுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். எடுப்பவர் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியைப் போடச் சொல்லி, வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளில் போன பணம் குறைந்தது 110 கோடி வெள்ளி. அதில் பெரும்பகுதி, பணத்துக்குச் சொந்தக்காரரே தன் கையால் அனுப்பியது. சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

ஆன்டிவைரஸுக்கென்று ஒதுக்கிய பணம் கையில் இருந்தால் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள் என்பேன். மாதம் ஒருமுறை படங்களையும் ஆவணங்களையும் அதில் போட்டுவிட்டுக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கழற்றுவது முக்கியம். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். பிள்ளைகளுக்கு, கணினி அமைப்புகளை மாற்றும் நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள், அதற்குச் செலவே இல்லை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை இருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. டிஃபெண்டரின் வைரஸ் பட்டியல் 2028 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸிலேயே விழும் ஓட்டைகளை அடைக்காமல் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பயனில்லை. 2017 மே 12ஆம் தேதி கிளம்பிய வான்னக்ரை என்ற ரான்சம்வேர், உலகம் முழுதும் மருத்துவமனைகளையும் அலுவலகங்களையும் முடக்கியது. இங்கேயும் சில கடைத்தொகுதிகளின் தகவல் திரைகளில் தெரிந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 11க்கு மாற முடியாத பழைய கணினி என்றால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அந்த இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர்.

எதையோ சொடுக்கிவிட்டோம், மாட்டிக்கொண்டோம் என்று தோன்றினால் முதலில் வைஃபையை அணையுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றக் கூடாது. வேறொரு சாதனத்தில், மின்னஞ்சலில் தொடங்கி மாற்றுங்கள். 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்ற தேர்வையும் கொடுங்கள், இல்லாவிட்டால் திருடிய குக்கி செத்துப்போகாது. வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து எழுந்து, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே தேடும். கால் மணி நேரம் ஆகும். அதன் பிறகும் கணினி விநோதமாக நடந்துகொண்டால் கோப்புகளை எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் வழி. அதைச் செய்ய யாரைக் கூப்பிட்டாலும், கட்டணம் எவ்வளவு என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.