அல்சூரில் கேட்டால் மும்பையில் பதில்

நிரலில் தரவுத்தளத்திடம் தகவல் கேட்க ஒரு வரி போதும். இரண்டு எண்களைக் கூட்டும் வரிக்குக் கீழேயே அதுவும் இருக்கும், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் கூட்டல் அதே கணினியின் செயலிக்குள் நானோ விநாடிக் கணக்கில் முடிந்துவிடும். தரவுத்தள வரியோ ஊர் விட்டு ஊர் போய், அங்கே இன்னொரு நிரலைப் பார்த்துப் பேசி, பதிலோடு திரும்பி வரலாம். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் படும் சிரமங்களில் பாதிக்கு மேல் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாததால் வருபவை என்பது என் எண்ணம்.

பெங்களூர் அல்சூரில் ஒரு மெஸ். மாதச் சந்தா கட்டிச் சாப்பிடுகிறவர்கள் சுமார் 240 பேர். மெஸ் நடத்தும் அக்காவின் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டே பாக்கிக் கணக்குக்குப் பைத்தானில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். முதலில் தரவெல்லாம் மெஸ் லேப்டாப்பிலேயே எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் இருந்தது. வீட்டிலிருந்தும் கணக்குப் பார்க்க வேண்டும் என்று, பிறகு போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்கு மாற்றி மும்பையில் உள்ள ஒரு கிளவுட் சர்வரில் வைத்தான். நிரலில் பெரிதாக எதையும் மாற்றவில்லை. ஆனால் தட்டியவுடன் திறந்த பாக்கிப் பட்டியல் இப்போது ஆறு விநாடிக்கு மேல் எடுத்தது. "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சா தம்பி?" என்று அக்கா என்னிடம் கேட்டார். கம்ப்யூட்டர் மேல் ஒரு தப்பும் இல்லை.

எஸ்க்யூலைட் என்பது தனியாக ஓடும் சர்வர் அல்ல. நம் நிரலுக்குள்ளேயே சேர்ந்து ஓடும் ஒரு நூலகம் (எடுத்துப் பயன்படுத்த ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்பு), அவ்வளவுதான். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்டது, இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கிறது. அதனிடம் கேட்பது பக்கத்தில் இருக்கும் கோப்பைத் திறந்து பார்ப்பதுதான். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவை அப்படியில்லை. அவை தனி நிரல்கள், பெரும்பாலும் தனிக் கணினியில் ஓடுபவை. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக 5432-ஆம் போர்ட்டிலும் மைஎஸ்க்யூஎல் 3306-ஆம் போர்ட்டிலும் காத்திருக்கும். போர்ட் என்பது கணினிக்குள் நுழைய எண் போட்ட கதவு மாதிரி. கதவைத் தட்டி, யார் என்று சொல்லி, உள்ளே போய்த்தான் எதையும் கேட்க முடியும்.

இந்தத் தட்டுவதற்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போடலாம். பெங்களூரிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 840 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். போய்வர 1,680 கிலோமீட்டர், அதாவது 8.4 மில்லி விநாடி. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதற்குக் கீழே குறையாது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு. ஆக, ஒரு பிராட்பேண்ட் இணைப்பில் ஒரு தடவை போய்வர 25 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நிரல் 'கனெக்ட்' என்று சொன்னதும் என்ன நடக்கிறது? முதலில் டிசிபி இணைப்புக்கு, அதாவது இரண்டு கணினிகளும் பேசத் தயார் என்று உறுதி செய்துகொள்வதற்கு, ஒரு போய்வரல். அப்புறம் நிரல், "மறையாக்கம் செய்து பேசலாமா?" என்று கேட்கிறது. சர்வர் ஒற்றை எழுத்தில் சரி என்கிறது. அது இரண்டாவது. மறைசாவிகளை முடிவு செய்ய, டிஎல்எஸ் 1.3 என்ற மறையாக்க நெறிமுறையில், மூன்றாவது. அதன் பிறகுதான் பயனர் பெயர், எந்தத் தரவுத்தளம் என்ற விவரமெல்லாம் போகும். அதற்குச் சர்வர், "எந்த முறையில் உன்னை நிரூபிக்கப் போகிறாய்?" என்று பதில் கேள்வி போடும்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் இது அழகான ஏற்பாடு. போஸ்ட்கிரெஸ் இப்போது இயல்பாகப் பயன்படுத்தும் ஸ்க்ராம் முறையில் கடவுச்சொல் கம்பி வழியே போவதே இல்லை. சர்வர் ஒரு சீரற்ற எண்ணையும், கூடவே 'உப்பு' என்று சொல்லப்படும் ஒரு துண்டுத் தரவையும் அனுப்பும். நிரல் அந்த உப்பைக் கடவுச்சொல்லோடு சேர்த்து, இயல்பான அமைப்பில் 4,096 முறை அரைத்து, கடைசியில் வரும் விடையைக் கொண்டு தனக்குக் கடவுச்சொல் தெரியும் என்று நிரூபிக்கும். பதிலுக்குச் சர்வரும் தான் போலி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நடுவில் யார் ஒட்டுக் கேட்டாலும் அவர் கையில் கடவுச்சொல் சிக்காது. இந்தக் கட்டம் முழுவதற்கும் இன்னும் மூன்று போய்வரல்கள்.

மொத்தம் ஆறு. 25 மில்லி விநாடி வீதம் 150 மில்லி விநாடி. இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சர்வர் பக்கமும் செலவு உண்டு. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனியாக ஒரு புராசஸைத் தொடங்குகிறது, அதனால் இயல்பான உச்சவரம்பு 100 கனெக்‌ஷன்கள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் திறந்து மூடுவது கட்டுப்படியாகாது என்பதால்தான் கனெக்‌ஷன் பூல் வந்தது. சில கனெக்‌ஷன்களைத் திறந்தே வைத்திருப்பது, வேண்டும்போது எடுப்பது, வேலை முடிந்ததும் திருப்பி வைப்பது. ஜாவாக்காரர்கள் பயன்படுத்தும் ஹிகாரிசிபி என்ற பூல் இயல்பாகப் பத்து வைத்திருக்கும். எடுத்ததைத் திருப்பி வைக்க எங்கோ ஓரிடத்தில் மறந்தால் ஒவ்வொன்றாகக் கசியும். பத்தும் கசிந்த பிறகு பதினோராவதாகக் கேட்கும் பகுதி 30 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழை காட்டும். பிழை எங்கேயோ, அது தலைகாட்டுவது எங்கேயோ.

சரி, மெஸ் பட்டியலுக்கு வருவோம். அந்தப் பையன் கனெக்‌ஷனை ஒரு தடவைதான் திறந்திருந்தான், அது சரிதான். ஆனால் முதலில் 240 பேரின் பெயர்களைக் கேட்டு வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு பெயருக்கும், "இவர் கடைசியாக எப்போது பணம் கட்டினார்?" என்று தனித்தனியாகக் கேட்டிருந்தான். மளிகைச் சாமானுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி ஒரு பையனை 241 முறை கடைக்கு ஓடவைப்பது போல. கடைக்காரர் பொட்டலம் கட்ட எடுக்கும் நேரம் சொற்பம், பையன் நடந்த நேரம்தான் அதிகம். 241-ஐ 25-ஆல் பெருக்கினால் 6,025 மில்லி விநாடி. அந்த ஆறு விநாடிக்குக் கணக்கு இதுதான். எஸ்க்யூலைட் இருந்தவரை நடை என்பதே இல்லை, அதனால் இந்தப் பழக்கம் வெளியே தெரியவில்லை.

தீர்வு, ஒரே கேள்வியாகக் கேட்பது. பெயர்கள், பணம் கட்டிய விவரம் என்ற இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் செய்து (இணைத்து), ஆள்வாரியாகத் தொகுத்து, ஒவ்வொருவருக்கும் ஆகப் பிந்திய தேதியைக் கேட்டால் 240 வரிகளும் ஒரே போய்வரலில் வந்துவிடும். எட்கார் காட் 1970-இல் தொடர்புடைய தரவு மாதிரியை முன்வைத்ததன் சாரமும் இதுவே: என்ன வேண்டும் என்று சொல், எப்படித் தேடுவது என்பதைத் தரவுத்தளம் பார்த்துக்கொள்ளும். அட்டவணைகளைச் சேர்ப்பதிலும் தொகுப்பதிலும் பல பத்தாண்டுகளாகப் பழுத்த மென்பொருளை வைத்துக்கொண்டு, அந்த வேலையை நம் ஃபார் லூப்பில் (ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல் பகுதியில்) செய்வது வீண். ஜாங்கோ, ஹைபர்நேட் மாதிரி, தரவுத்தளக் கேள்விகளை நமக்காகத் தாமே எழுதும் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே ஒரு புள்ளி வைத்து அடுத்த பெயரை எழுதினாலே பின்னால் ஒரு கேள்வி மும்பைக்குக் கிளம்பியிருக்கும்.

அடுத்து, கேள்வி எந்த உருவத்தில் போகிறது என்பது. மெஸ்ஸில் காக்ஸ் டவுனிலிருந்து ஒருவர் சந்தா சேர்ந்தார், பெயர் டி'சோசா. அவர் பாக்கியைத் தேடியதும் நிரல் விழுந்தது. உள்ளே கேள்வி இப்படி ஒட்டப்பட்டிருந்தது (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி எஸ்க்யூஎல், அதன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்):

செலக்ட் பாக்கி ஃப்ரம் வாடிக்கையாளர் வேர் பெயர் = 'டி'சோசா'

எஸ்க்யூஎல்லில் ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவில் இருப்பதே மதிப்பு. 'டி' என்பதோடு பெயர் முடிந்துவிட்டது என்று சர்வர் எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த சோசாவை என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. நல்லவேளை, அவர் நேர்மையான சாப்பாட்டுக்காரர். விஷமக்காரர் ஒருவர் பெயர்ப் பெட்டியில் எக்ஸ்' ஆர் '1'='1 என்று தட்டியிருந்தால், "பெயர் எக்ஸ் ஆக இருக்க வேண்டும், அல்லது ஒன்று ஒன்றுக்குச் சமமாக இருக்க வேண்டும்" என்று கேள்வி மாறியிருக்கும். ஒன்று எப்போதும் ஒன்றுக்குச் சமம். 240 பேரின் கணக்கும் வெளியே. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் எனப்படும் இந்த ஓட்டையை ஜெஃப் ஃபாரிஸ்டல் 1998-இல் ஃபிராக் என்ற ஹேக்கர் இதழில் விவரித்தார். இத்தனை வருடம் கழித்தும் ஓய்ந்தபாடில்லை.

மேற்கோள் குறியை மாற்றி எழுதித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேள்வியின் வாக்கியத்தையும் மதிப்பையும் கலக்காமலே அனுப்ப வழி இருக்கிறது. வாக்கியத்தில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறியோ வேறு இடக்குறியோ போட வேண்டும், மதிப்பைத் தனியாகத் தர வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இவை பார்ஸ், பைண்ட், எக்ஸிகியூட் என்று தனித்தனிச் செய்திகளாகப் போகும். பார்ஸ் வந்ததுமே சர்வர் வாக்கியத்தைப் படித்து இலக்கணத்தை முடிவு செய்துவிடும். அப்புறம் பைண்டில் என்ன வந்தாலும் அது வெறும் மதிப்புதான், கட்டளையாக மாற வழியில்லை. மூன்றையும் சேர்த்து ஒரே போய்வரலில் அனுப்ப முடியும் என்பதால் நேர நஷ்டமும் இல்லை. பைத்தானிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸோடு பேச உதவும் பழைய நூலகமான சைகாப்ஜி2 மட்டும் மதிப்பைப் பாதுகாப்பாக மாற்றித் தானே வாக்கியத்தில் ஒட்டி அனுப்பும். சைகாப்ஜி 3 உண்மையிலேயே பிரித்து அனுப்புகிறது. ஒரு வரம்பு உண்டு: அட்டவணையின் பெயரையோ, எந்தப் பத்தியை (அட்டவணையின் நெடுவரிசையை) வைத்து வரிசைப்படுத்துவது என்பதையோ இப்படித் தர முடியாது. அவற்றை நாமே எழுதி வைத்த ஒரு பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க விட வேண்டும்.

மூன்றாவது சிக்கல் நம் எழுத்தோடு சேர்ந்தது, ஆங்கிலப் பாடங்களில் இது வராது. "தம்பி, கோமதி பேரு லிஸ்ட்ல இருக்கு, தேடினா மட்டும் வரமாட்டேங்குது" என்றார் அக்கா. ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள் ஒரு விதம். ககரம், ஏகாரக் குறி, கால் என்று மூன்று குறியீடுகள் இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றே. அந்தக் குறியீடுகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் என்பதால் ஒரு கோமதி 15 பைட், இன்னொரு கோமதி 18 பைட். சமமா என்று கேட்டால் போஸ்ட்கிரெஸ் இயல்பான அமைப்பில் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். வேறு வேறு என்று சொல்லிவிடும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் இந்தப் பிரிந்த வடிவம் அடிக்கடி தென்படும். மெஸ்ஸின் பழைய பட்டியலும் அப்படி மாற்றி ஏற்றியதுதான்.

இதற்கு யூனிகோடே வைத்திருக்கும் மருந்து என்எஃப்சி என்ற இயல்பாக்கம். அது பிரிந்த கோவை ஒன்றாகச் சேர்த்துவிடும். பைத்தானில் இதற்கு வசதி உண்டு, போஸ்ட்கிரெஸ்ஸிலும் 13-ஆம் பதிப்பிலிருந்து 'நார்மலைஸ்' என்ற செயல்கூறு இருக்கிறது. சேமிக்கும்போதும் செய்ய வேண்டும், தேடும்போதும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழையபடியே கோமதி கிடைக்க மாட்டார்.

என்எஃப்சி தொடாத ஒன்று மிச்சமிருக்கிறது. கௌரி என்ற பெயரைப் பலர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரம் வைத்துக் கெளரி என்று தட்டுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் யூனிகோடைப் பொறுத்தவரை இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. 'கெள' வந்தால் 'கௌ' ஆக்கு என்று பையன் ஒரு வரி எழுதினான். கெளரிகள் எல்லோரும் கௌரி ஆனார்கள். ஆனால் அதே வரி சாப்பாட்டுப் பட்டியலிலும் ஓடி, கெளுத்தி மீன் குழம்பின் முதல் எழுத்துகளைக் குதறிவிட்டது. கடைசியில் ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாவிட்டால் மட்டும் மாற்று என்று விதியைத் திருத்தி, அதையும் ஆட்களின் பெயர்ப் பத்தியோடு நிறுத்திக்கொண்டோம். பெரும்பாலும் சரியாக வருகிறது.