கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை

புவியின் மேற்பரப்பிலிருந்து எறியப்படும் பொருளொன்று மீண்டும் விழாமல் அகல வேண்டுமானால் அதற்குச் செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகம் தேவை. சூரியனின் மேற்பரப்பிலிருந்து அகல்வதற்கோ 618 கிலோமீற்றர் தேவை. இந்தத் தப்பும் வேகம், பொருளின் திணிவிலும் அதன் மையத்துக்கு எவ்வளவு அருகே செல்ல முடிகிறது என்பதிலும் தங்கியுள்ளது. ஆகவே திணிவு அப்படியே இருக்க உருவம் மட்டும் சுருங்கினாலும் தப்பும் வேகம் ஏறும். சூரியனின் அடர்த்தியும் அதனைப்போல் 500 மடங்கு விட்டமும் கொண்ட விண்மீனிலிருந்து ஒளியும் தப்பாது என்று ஜோன் மிச்சல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1783இலேயே கணித்திருந்தார்.

ஒளியும் தப்ப முடியாத இத்தகைய பொருளையே இன்று கருந்துளை என்கிறோம். அது சுற்றியுள்ளவற்றையெல்லாம் உறிஞ்சிவிடும் என்று பரவலாக நம்பப்படுகிறது. உண்மையில், சூரியனின் இடத்தில் அதே திணிவுள்ள கருந்துளை ஒன்று இருந்தால் புவி குளிரால் உறையுமே தவிர, அதன் சுற்றுப்பாதை மாறாது. சூரியனைக் கருந்துளையாக்குவதற்கு அதனை ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆரைக்குள் நெரிக்க வேண்டும். புவியை 9 மில்லிமீற்றருக்குள் நெரிக்க வேண்டும். மாரியில் நிரம்பிய இரணைமடுக் குளம் பத்துக் கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட நீரைக் கொள்கிறது. அந்த நீர் முழுவதையும் கருந்துளையாக நெரித்தாலும் அது ஒரு புரோத்தனைவிடச் சிறியதாகவே இருக்கும். ஈர்ப்பு எவ்வளவு நலிந்தது என்பதற்கு இதனிலும் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

ஈர்ப்பை ஒரு விசையாகக் கருதாமல், காலமும் வெளியும் ஒன்றாய் இணைந்த காலவெளியில் திணிவும் ஆற்றலும் ஏற்படுத்தும் வளைவாக விளக்கியவர் ஐன்ஸ்டைன். அவர் 1915இல் முடித்த கோட்பாட்டின்படி, ஈர்ப்பு வலுத்த இடத்தில் காலமும் மெதுவாகச் செல்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகளின் கடிகாரங்கள், வேகத்தின் விளைவையும் கழித்துப் பார்த்தால், நிலத்திலுள்ள கடிகாரங்களைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்கிரோசெக்கன் முந்துகின்றன. இதைத் திருத்தாவிட்டால் கிளிநொச்சியில் ஒரு வயற்காணியின் எல்லையைக்கூட ஜிபிஎஸ் கருவியால் குறிக்க முடியாது. கருந்துளையின் விளிம்பில் இந்த வளைவு மிகுந்து, உள்ளே செல்லும் எதற்கும் வெளியே வரும் பாதை என்ற ஒன்றே இல்லாமற் போகிறது.

அவ்வளவு தூரம் சுருங்கவிடாமல் விண்மீனைத் தாங்கி நிற்பது அதன் உள்ளமுக்கம். அணுக்கருப் பிணைவின் வெப்பம் ஓய்ந்த பின்னர் இலத்திரன்களின் அமுக்கம் தாங்கும். இதற்கும் எல்லை உண்டு என்பதைச் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றபோது, தமது பத்தொன்பதாம் வயதிற் கண்டறிந்தார். அந்த எல்லை சூரியத் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று கொள்ளப்படுகிறது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த எல்லைக்கு மேலே, பெரும்பாலும் நியூத்திரன்களாலான நியூத்திரன் விண்மீன்கள் இன்னும் சிறிது தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் அமுக்கமும் ஈர்ப்பை உண்டாக்கும் என்பதால், விண்மீன் எவ்வளவு முயன்று தாங்குகிறதோ அவ்வளவுக்கு அதன் வீழ்ச்சியும் விரைவாகிறது. இக்கோட்பாட்டில் என்னை அதிகம் வியக்கவைக்கும் இடம் இதுதான்.

எனினும் பேரடர்த்தி எல்லாக் கருந்துளைகளுக்கும் பொதுவானதன்று. 2019இல் படம் வெளியிடப்பட்ட எம்87 விண்மீன் மண்டலத்தின் கருந்துளை ஏறத்தாழ 650 கோடி சூரியத் திணிவுடையது. அத்திணிவை அதன் விளிம்புக்குள் அடங்கும் கனவளவால் வகுத்தால் கிடைக்கும் சராசரி அடர்த்தி, நாம் சுவாசிக்கும் காற்றினதைவிடக் குறைவு. மிச்சலின் பெருவிண்மீனும் இந்த வழியிலேயே கருமையாகியது.

சோளகம் வீசும் ஆடி மாதத்து முன்னிரவில், வன்னியின் தென்வானில் மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையே நமது பால்வீதியின் மையம் உயர்ந்து நிற்கும். ஏறத்தாழ 43 இலட்சம் சூரியத் திணிவுள்ள கருந்துளை அங்கே இருக்கிறது. எஸ்2 என்ற விண்மீன் அதனை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீள்வட்டத்திற் சுற்றுகிறது. 2018இல் அது கருந்துளையிலிருந்து ஏறத்தாழ 1,800 கோடி கிலோமீற்றர் தொலைவுவரை நெருங்கி, செக்கனுக்கு 7,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் கடந்து, எவ்விதத் தடையுமின்றி மீண்டும் விலகிச் சென்றது. அதன் அடுத்த நெருக்கம் 2034இல் நிகழும்.