டில்ட் டெக் ட்ரெய்லர் எடுக்க முன் தராசுக்குப் போங்கள்

பனி கரைந்து மண் இளகத் தொடங்கியதும் எங்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணை, இந்த வருசம் டில்ட் டெக் ஒன்று எடுக்கட்டோ?" ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் லாண்ட்ஸ்கேப்பிங், இன்டர்லொக் கல் பதிப்பது, அத்திவாரம் தோண்டும் வேலை என்று சொந்தமாகத் தொழில் செய்யும் நம்மவர்கள்தான் கேட்பார்கள். ட்ரெய்லர் திருத்துவதும் வருடாந்தச் சோதனை செய்வதும் என் வேலை. அதில் கண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

டில்ட் டெக் என்பது இயந்திரங்களை ஏற்றிக்கொண்டுபோகும் ஒரு வகை ட்ரெய்லர். அதில் ராம்ப், அதாவது ஏற்றுவதற்குப் போடும் சரிவுப் பலகை, கிடையாது. தளமே சில்லு அச்சுக்கு அருகில் உள்ள பிவட் என்ற சுழல் மூட்டில் சரிந்து, பின்விளிம்பு நிலத்தைத் தொடும். இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு பிவட்டைத் தாண்டினால், அதன் பாரத்திலேயே தளம் மெல்ல மட்டத்துக்கு வந்துவிடும். அப்படித் தானாக இறங்கும் வகையில் ஒரு குஷன் சிலிண்டர் அடி விழாமல் தாங்கும். இன்னொரு வகையில் பற்றறியில் ஓடும் ஹைட்ராலிக் பம்ப் தளத்தைத் தூக்கி இறக்கும்.

இதன் நன்மையை முதுகு வலித்தவரிடம் கேட்க வேண்டும். நாளுக்கு நாலு தரம் இரும்பு ராம்ப்பைக் குனிந்து தூக்கிப் போடுவது சின்ன வேலை இல்லை. ஸ்பிரிங் போட்ட ராம்ப் கொஞ்சம் உதவும். ஆனால் ஸ்பிரிங் களைத்துவிட்டால் பழைய கதைதான். சிசர் லிஃப்ட், சின்ன ரோலர் போன்ற வயிறு தாழ்ந்த இயந்திரங்கள் ராம்ப்பின் உச்சியில் தட்டி நிற்கும். டில்ட்டின் சரிவு குறைவு, நீளமானது. அவை தட்டாமல் ஏறும்.

பலர் கவனிக்காத ஒரு நன்மையும் இருக்கிறது. ராம்ப் ட்ரெய்லரில் இயந்திரம் பின்முனையில் ஏறும்போது முன்பக்கம் மேலே எழும்பி, அதை இழுக்கும் பிக்கப் வண்டியின் பின்சில்லுகளையும் சேர்த்துத் தூக்கப் பார்க்கும். பார்க்கிங் பிரேக் பிடிப்பது அந்தப் பின்சில்லுகளைத்தான். சரிவான டிரைவ்வேயில் வண்டி தானாக உருள இது போதும். அதனால்தான் ராம்ப் ட்ரெய்லருக்குப் பின்னால் முட்டுக்கால் வைக்கச் சொல்கிறோம். டில்ட்டில் தளத்தின் பின்விளிம்பு நிலத்தில் ஊன்றியிருப்பதால் அந்தத் தூக்கல் மிகவும் குறைவு.

இனிப் பாரத்துக்கு வருவோம். அதிகம் பேர் பிழை விடுவது இங்கேதான். 14,000 இறாத்தல் என்று தகட்டில் போட்டிருந்தால் அது ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த கணக்கு, அதாவது சுமார் 6,350 கிலோ. டில்ட் டெக் இரட்டைச் சட்டமும் சிலிண்டரும் கொண்டது. வெறுமையாகவே 1,800 கிலோ அளவில் நிற்கும். அதே தரத்து ராம்ப் ட்ரெய்லர் பொதுவாக அதைவிடச் சில நூறு கிலோ குறைவு. அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் சுமையிலிருந்து போகிறது. வாளி, கல்லுடைக்கும் பிரேக்கர், சங்கிலி, டீசல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்காமல் "நாலு தொன் மெஷின்தானே" என்று சொல்லாதீர்கள்.

ஒரு கணக்கு போடுவோம். 3,600 கிலோ எக்ஸ்கவேட்டரை 1,800 கிலோ ட்ரெய்லரில் ஏற்றினால் 5,400 கிலோ. ஒன்ராறியோவில் ட்ரெய்லரும் அதன் சுமையும் 4,600 கிலோவைத் தாண்டினால் சாதாரண ஜி லைசன்ஸ் போதாது, ஏ வகுப்பு வேண்டும். வேலைக்கு ஓடும் பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால் வர்த்தக வாகனம் ஓட்டுவோருக்கான சி.வி.ஓ.ஆர். சான்றிதழும் வருடாந்தச் சோதனையும் வேண்டும். ட்ரெய்லரைப் பிக்கப்போடு கொளுவும் ஹிட்ச்சில் இறங்கும் பாரம் ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்த மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் 540 முதல் 810 கிலோ. உங்கள் பிக்கப் அதைத் தாங்குமா என்று கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். விற்பவர் இதையெல்லாம் எப்போதும் சொல்லமாட்டார். ட்ரெய்லரை எடுத்த பிறகு ஏ லைசன்ஸுக்குப் படிக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

பராமரிப்பும் கூடுதல். பிவட் புஷ்ஷுக்குக் கிரீஸ் போடாமல் இரண்டு குளிர்காலம் தெருவில் போடும் உப்பில் ஓட்டினால் அது தின்னப்பட்டு, தளம் பக்கத்துக்கு ஆடத் தொடங்கும். என்னை மிகவும் பயமுறுத்துவது தளத்தைச் சட்டத்தோடு பூட்டி வைக்கும் லாட்ச். போன இலையுதிர் காலத்தில் ஒரு தம்பி ட்ரெய்லர் கொண்டுவந்தார். லாட்ச்சில் செருகும் இரும்பு ஊசி எப்போதோ தொலைந்துவிட்டதாம். கடையில் வாங்கிய சாதாரண போல்ட்டைச் செருகி வைத்திருந்தார். அந்த போல்ட் வளைந்து பாதி அறுந்திருந்தது. அதோடு 401 நெடுஞ்சாலையில் நாலு மாதம் ஓடியிருக்கிறார். இயந்திரம் அச்சுக்கு முன்னால் இருந்ததால்தான் தளம் எழும்பவில்லை. கொஞ்சம் பின்னால் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குக் கை நடுங்குகிறது.

சரிவு குறைவு என்பதற்காக வழுக்காது என்று இல்லை. உறைபனி பிடித்த பலகையில் இரும்புச் சங்கிலிச் சில்லு மட்டுமல்ல, ரப்பர் சில்லும் பக்கவாட்டில் நழுவும். நிலம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் தளத்தின் ஒரு மூலை மட்டும் ஊன்றிச் சட்டம் முறுகும். அப்படிப்பட்ட இடத்தில் ஏற்ற வேண்டாம், கொஞ்சம் தள்ளிப் போய் மட்டமான இடம் தேடுங்கள்.

முழுத்தளமும் சரியும் வகையில் முன்னால் கல் அடுக்கிய பலேட் (மரத்தட்டு) ஏற்றிவிட்டால், அதை இறக்காமல் தளத்தைச் சரிக்க முடியாது. இதற்குத்தான் முன்பகுதியில் நாலடி அசையாமல் நிற்கும் பிரிவுத்தள வகை வந்தது. வாளியும் பலேட்டும் அங்கே நிற்கும், மீதி சரியும். கலந்து ஏற்றுபவர்கள் அதையே எடுங்கள்.

என் அபிப்பிராயம் இதுதான். ஒரு நாளில் பல இடங்களுக்குத் தனியாகப் போய் ஏற்றி இறக்குபவர், தாழ்ந்த இயந்திரங்களைக் கொண்டுபோகிறவர் டில்ட்டுக்குக் கூடுதலாகச் சில ஆயிரம் டாலர் கொடுப்பது நியாயம். காலையில் ஏற்றி மாலையில் இறக்குபவருக்கு நல்ல ராம்ப் ட்ரெய்லரே போதும். அந்தக் காசை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடலாம். முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் இயந்திரத்தை ஏற்றி, லாரி தராசில் நிறுத்திப் பாருங்கள்.

பழையது வாங்குவதென்றால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். தளத்தைச் சரித்துவிட்டு டோர்ச் அடித்து, பிவட் சுற்றியுள்ள வெல்டில் மயிர்வெடிப்பு இருக்கிறதா, சிலிண்டர் தண்டில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். தளத்தை இறக்கினால் சட்டத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் எங்கோ வளைந்திருக்கிறது. கடைசியாக லாட்ச்சைப் பூட்டிவிட்டு, கடப்பாரையால் தளத்தை நெம்பிப் பாருங்கள். அசைந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் அதைத் திருத்தித் தராமல் எடுக்காதீர்கள்.